மருந்து வடிவமைப்பும் மருந்து வணிகமும்: ஐதராபாத்தில் படித்த ஒரு முதுநிலைப் படிப்பின் மதிப்பீடு

விருதுநகர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் இளநிலை வேதியியல் முடித்துவிட்டு, மருந்து வடிவமைப்பையும் மருந்துத் தொழிலின் வணிகப் பக்கத்தையும் ஒரே பட்டத்தில் கற்பிக்கும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் ஐதராபாத்தில் சேர்ந்தேன். நான்கு பருவங்களையும் முடித்து வெளியே வந்திருக்கும் நிலையில், இதில் சேரலாமா என்று என் பழைய கல்லூரியின் இளையவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே முறை விரிவாகப் பதில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் படிப்பு நடத்தும் வேறு இடங்களை எடைபோடவும் இங்கே சொல்பவை உதவும் என்று நம்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பின் உயிர் மூன்றாம் பருவத்தில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஒரே மருந்தை ஒரு பேராசிரியர் வேதியியலாகவும், இன்னொருவர் காப்புரிமையாகவும், மூன்றாமவர் உற்பத்திச் செலவாகவும் எடுத்துக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார்கள். வேதியியலும் வணிகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத தனித்தனித் தாள்களாக நடந்த பருவங்களில் எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் வந்தன.

முதல் பருவத்தின் கரிம வேதியியலிலும் மருந்தியலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலாண்மைத் தாள்தான் ஏமாற்றம். சோப்பையும் பற்பசையையும் எப்படி விற்பது என்று எந்த வணிகக் கல்லூரியிலும் நடத்தக்கூடிய பாடத்தை, மருந்து என்ற சொல்லை ஆங்காங்கே செருகி நடத்தினார்கள். மருந்துச் சந்தையில் எழுதித் தருபவர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர், பணம் கட்டுபவர் பல நேரங்களில் மூன்றாமவர். அந்தச் சந்தையின் எல்லா விந்தைகளும் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகின்றன. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட இது பேசப்படவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு உட்கார்ந்து படித்து, எழுதி, மறந்துபோன தாள் அது.

இரண்டாம் பருவத்தில் கணினி வழி மருந்து வடிவமைப்பு தொடங்கியது. நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட மருந்து இமாட்டினிப். நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயில், ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உருவாகி, ஓயாமல் உயிரணுவைப் பெருகத் தூண்டுகிறது. அந்தப் புரதத்தில், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வந்து அமரும் குழியை அடைத்து அதை நிறுத்தும் மருந்து இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பேராசிரியர் இதை முழு மூலக்கூறாகக் காட்டவில்லை. கரும்பலகையின் இடது ஓரத்தில் ஃபீனைல்அமினோபிரிமிடின் என்ற எளிய எலும்புக்கூட்டை வரைந்துவிட்டு, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தொகுதியைச் சேர்த்தார். பிரிடின் வளையம் சேர்ந்ததும் உயிரணுவுக்குள் செயல்திறன் கூடியது. அமைடு சேர்ந்ததும், பிசிஆர்-ஏபிஎல் அடங்கிய டைரோசின் கைனேஸ் என்ற புரத வகையின்மேல் பிடி இறுகியது. அடுத்ததாக அவர் சேர்த்தது ஒரே ஒரு மீத்தைல் தொகுதி. அது உட்கார்ந்த இடத்தின் காரணமாக மூலக்கூறு முறுக்கிக்கொண்டு, புரோட்டீன் கைனேஸ் சி என்ற வேண்டாத இலக்கின்மேல் இருந்த செயல்பாடு மறைந்துபோனது. கடைசியாக வந்த மீத்தைல்பைபரசின் மருந்தைத் தண்ணீரில் கரைய வைத்து, மாத்திரையாக விழுங்கத் தக்கதாக்கியது. கார்பன் ஒன்றும் ஹைட்ரஜன் மூன்றும் கொண்ட ஒரு சிறு தொகுதி ஒரு மருந்தின் குணத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை இளநிலையில் யாரும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

இதன் பிறகுதான் கணினி ஆய்வகத்துக்குப் போனோம். 1971இல் தொடங்கப்பட்டு இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய, புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமித்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து, ஏபிஎல் புரதமும் இமாட்டினிப்பும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பை இறக்கிக்கொண்டோம். பைமால் மென்பொருளில் புரதத்தைச் சாம்பல் நிற நாடாவாகவும் மருந்தை மஞ்சள் குச்சிகளாகவும் வைத்து மெதுவாகத் திருப்பினால், மருந்தின் பிரிடின் நைட்ரஜனிலிருந்து புரதத்தின் 318ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு, ஹைட்ரஜன் பிணைப்பைக் குறிக்கும் ஒரு புள்ளிக்கோடு போவது தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால், 315ஆம் இடத்துத் திரியோனினுக்கு இன்னொரு புள்ளிக்கோடு தென்படும். அந்தத் திரியோனினைத்தான் எங்களை மாற்றச் சொன்னார் பேராசிரியர். நோயாளிகளின் உடலில் அது ஐசோலூசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறிவிட்டால் இமாட்டினிப் வேலை செய்வதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்துபோவது ஒரு புறம், ஐசோலூசினின் பருத்த பக்கச்சங்கிலி மருந்தின் வழியை மறிப்பது மறு புறம்.

நான் மாற்றி, ஆட்டோடாக் வினா மென்பொருளில், மருந்து புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங்கை ஓட்டிப் பார்த்தேன். மதிப்பெண் சற்றே குறைந்ததே தவிர, மருந்து பயனற்றுப் போனதாகக் காட்டவில்லை. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன். "சார், நோட்டில் எந்த எண்ணை எழுதுவது?" என்று கேட்டதற்கு, "வந்ததை எழுதுங்கள். மருத்துவமனையில் நடப்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று ஒரு பக்கம் எழுதினால் அதுதான் உங்கள் ரெக்கார்டு" என்றார். புரதத்தை அசையாத பாறையாக வைத்துக்கொண்டு மென்பொருள் கணக்கிடுகிறது, உண்மைப் புரதமோ நெளிந்துகொண்டே இருக்கிறது என்பதை அந்த ஒரு பக்கம் எழுதும்போதுதான் உணர்ந்தேன். அடுத்த வாரம் பொனாட்டினிப் வந்தது. அந்த ஐசோலூசினை இடிக்காமல் ஒதுங்கிப் போவதற்காக, நேராகவும் மெல்லியதாகவும் இருக்கும் கார்பன் முப்பிணைப்பை நடுவில் வைத்து வடிவமைக்கப்பட்ட மருந்து அது. 2012இல் அனுமதி கிடைத்தது. திரையில் அந்த முப்பிணைப்பு பருத்த பக்கச்சங்கிலியை உரசாமல் கடந்து செல்வதைப் பார்த்த மாலை, இந்தத் துறைக்கு வந்தது சரிதான் என்று மனத்துக்குள் உறுதியானது.

பல்கலைக்கழகம் விளம்பரத்தில் பெருமையாகக் குறிப்பிட்டிருந்த கட்டண மென்பொருளின் உரிமம் அந்தப் பருவத்தின் நடுவில் காலாவதியாகி, ஐந்து வாரங்கள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. கட்டிய கட்டணத்துக்கு அது நியாயமில்லை. ஆனாலும் இலவச மென்பொருள்களை நாங்கள் ஆழமாகக் கற்றதற்கு அந்த ஐந்து வாரங்களே காரணம் என்பதால், இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

மூன்றாம் பருவத்தில் உற்பத்திச் செலவுத் தாளை நடத்தியவர், பல்க் டிரக் (மாத்திரையாக்கும் முன்புள்ள மூல மருந்து) தொழிற்சாலைகளில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐதராபாத்தில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அரசு நிறுவனமான ஐடிபிஎல் 1960களில் இங்கே செயற்கை மருந்து ஆலை அமைத்தபோது உருவான வேதியியலாளர் தலைமுறையிலிருந்துதான் நகரத்தின் தனியார் மருந்துத் தொழில் கிளைவிட்டது; 1984இல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் அங்கே பணியாற்றியவர்தான். எங்கள் ஆசிரியர் முதல் நாள் ஒரே ஒரு கணக்கைப் போட்டார். எட்டுப் படிகள் கொண்ட ஒரு தயாரிப்பில் ஒவ்வொரு படியும் 80 சதவீத யீல்டு (விளைச்சல்) தந்தால் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு? இளநிலை ஆய்வகத்தில் 80 சதவீதம் வந்தால் நாங்கள் கைதட்டிக்கொள்வோம். விடை 17 சதவீதத்துக்கும் கீழே. ஒவ்வொரு படியையும் 90 ஆக உயர்த்தினால் மொத்தம் 43 சதவீதம். அந்த இடைவெளியில்தான் ஒரு தொழிற்சாலை வாழ்வதும் மூடப்படுவதும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கணக்குத் தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.

அந்தக் கணக்குத் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை கிலோ மூலப்பொருள், என்ன விலை, எத்தனை லிட்டர் சால்வென்ட் (கரைப்பான்), அதில் எத்தனை சதவீதம் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுக்கிறோம், ரியாக்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை ஆட்கள் நிற்கிறார்கள் என்று வரிசைகள் நீண்டுகொண்டே போகும். நான் விலை உயர்ந்த பல்லேடியம் வினையூக்கியைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தேன். அவர் என் தாளில் சால்வென்ட் மீட்பு 80 சதவீதம் என்று எழுதியிருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அதை 92 ஆக்கிப் பார்க்கச் சொன்னார். வினையூக்கியில் நான் இரண்டு நாள் முயன்று மிச்சப்படுத்தியதைவிட அந்த ஒரு கட்டத்தில் அதிகம் மிச்சமானது. ஆய்வகத்தில் எந்தச் சேர்மத்தையும் சிலிக்கா நிரப்பிய குழாயில் (column) ஏற்றித் தூய்மையாக்கிப் பழகிய எங்களுக்கு, தொழிற்சாலையில் படிகமாக்கித்தான் பிரிக்க வேண்டும், அந்தக் குழாயின் பேச்சைக் கூடுமானவரை எடுக்கக்கூடாது என்பதும் அங்கேதான் புரிந்தது. இபுப்ரோஃபெனை அவர் விளக்கிய விதமும் நினைவில் நிற்கிறது. பூட்ஸ் நிறுவனத்தின் பழைய முறையில் ஆறு படிகள், உள்ளே போகும் அணுக்களில் ஏறத்தாழ 40 சதவீதமே மருந்தாக வெளியே வரும்; பின்னால் வந்த பிஎச்சி முறையில் மூன்றே படிகள், 77 சதவீதம். மருந்து அதேதான், மாறியது வழி மட்டும் என்று சொல்லிவிட்டு, மீதி அணுக்கள் எங்கே போயின என்று எங்களைத் தேட வைத்தார்.

காப்புரிமைத் தாளில் மறுபடியும் இமாட்டினிப் வந்தது. இந்தத் தொடர்ச்சிதான் இந்தப் படிப்பின் பெரும்பலம். மருந்தின் மீசைலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அது மறுக்கப்பட்டதும் அங்கேதான். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பயன்திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், பயன்திறன் என்பது நோயைக் குணமாக்கும் திறனையே குறிக்கும் என்றும், இரத்தத்தில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதம் மட்டும் அதற்குப் போதாது என்றும் கூறி, விண்ணப்பத்தை இறுதியாக நிராகரித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையுள்ள மருந்துக்கும், ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குள் கிடைத்த உள்நாட்டுத் தயாரிப்புக்கும் இடையில் நடந்த வழக்கு இது. ஒரு படிகத்தின் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் சில முகடுகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி, ஒரு குடும்பம் வீட்டை விற்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியாக மாறுவதை அந்த வகுப்பில் பார்த்தேன். இரண்டாம் பருவத்தில் அந்த மூலக்கூறை அணு அணுவாகத் திருப்பிப் பார்த்திராவிட்டால், இந்தத் தீர்ப்பு எனக்கு வெறும் செய்தித்தாள் செய்தியாகவே இருந்திருக்கும்.

அமெரிக்கச் சட்டத்தையும் காப்புரிமைப் பேராசிரியர் நன்றாகவே நடத்தினார். 1984இன் ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம் வழியாக, காப்புரிமையை முதலில் எதிர்த்து நிற்கும் ஜெனரிக் (மூல மருந்தின் மலிவு நகலைத் தயாரிக்கும்) நிறுவனத்துக்கு 180 நாள் தனி உரிமை கிடைக்கும். 2001இல் டாக்டர் ரெட்டீஸ் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தின் 40 மில்லிகிராம் கேப்சூலில் அந்த உரிமையைப் பெற்ற கதை, நகரத்தில் நேற்று நடந்ததைப் போலப் பேசப்பட்டது. அதே நிறுவனம் கண்டுபிடித்து நோவோ நார்டிஸ்குக்கு உரிமம் அளித்த ராகாகிளிட்டசார் என்ற நீரிழிவு மருந்து, எலி வகைகளில் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றியதால் 2002இல் நிறுத்தப்பட்டதையும் அதே அக்கறையோடு படித்தோம். வெற்றிக் கதையை மட்டும் சொல்லி மாணவர்களை அனுப்பாததற்காக அந்தப் பேராசிரியருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஒரு மருந்தை உருவாக்க ஆகும் செலவைப் பற்றியும் இதே நேர்மையோடுதான் கற்பித்தார். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் சொன்ன 260 கோடி டாலரில் ஏறத்தாழ பாதி, முதலீடு முடங்கிக் கிடந்த காலத்துக்கான மதிப்பு. 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, வேறு தரவுகளைக் கொண்டு, இடைநிலை மதிப்பை 98.5 கோடி டாலர் என்றது. எந்த எண்ணைச் சொல்பவரிடமும், அதற்குள் எதையெல்லாம் சேர்த்தீர்கள் என்று கேட்கப் பழக்கினார்.

இந்தியாவின் விலைக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியது இரண்டே வகுப்புகள். 2013 ஆணைப்படி, சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையோடு 16 சதவீதச் சில்லறை லாபத்தைச் சேர்த்து உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. உற்பத்திச் செலவுக்கும் இந்த விலைக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்பதை, செலவுத் தாள் போட்டுப் பழகிய மாணவர்களோடு ஒரு மாதம் விவாதித்திருக்கலாம். நல்ல வாய்ப்பு கைநழுவிப்போனது.

என் மனத்தை உறுத்தும் குறை வேறொன்று. நாங்கள் போட்ட செலவுத் தாளில் கழிவுநீர் என்ற வரிசையே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் படான்செரு இருக்கிறது. மருந்தாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அங்குள்ள பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. மருந்தை உட்கொண்ட மனிதனின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. இந்த ஆய்வை நான் நூலகத்தில் தற்செயலாகப் படித்தேன். வகுப்பில் அது பேசப்படவில்லை. இபுப்ரோஃபெனில் மீதி அணுக்கள் எங்கே போயின என்று எங்களைத் தேட வைத்த ஆசிரியரிடமே போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாரும் அதைச் செலவாக எண்ணவில்லை என்றும், என் தாளில் அந்த வரிசையைச் சேர்த்துக்கொண்டு வரும்படியும் சொன்னார். சேர்த்துப் போட்டபோது, இரண்டு தயாரிப்பு வழிகளில் மலிவு என்று நாங்கள் தேர்ந்தெடுத்திருந்ததுதான் அதிகச் செலவுள்ளதாக முடிந்தது. இது ஒரு மாணவர் கேட்டதால் ஒரு தாளில் நடந்த திருத்தம். பாடத்திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

ஆய்வக வசதி சுமார்தான். முப்பத்திரண்டு பேருக்கு, கலவையைப் பிரித்துத் தூய்மையை அளக்கும் எச்பிஎல்சி கருவி ஒன்றே ஒன்று, அதிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கே முன்னுரிமை. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்கு மாதிரியைக் கொடுத்தால் முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் அடுத்த வினையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். கையில் வேலை படிந்த வேதியியலாளராக வெளியே வர விரும்புபவர்களுக்கு இந்தப் படிப்பு தரும் ஆய்வக நேரம் போதாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

நான்காம் பருவத்தின் தொழில் பயிற்சி அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. என் அறைத்தோழி ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்குப் போய், ஒரே பொது வாய்பாட்டில் பல மூலக்கூறுகளுக்கு உரிமை கோரும் மார்குஷ் கோரிக்கைகளுக்குள் எந்தெந்த மூலக்கூறுகள் அடங்கும் என்று பிரித்துப் பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, படிப்பு முடிந்ததும் அதே வேலையில் சேர்ந்துவிட்டாள். என்னை அனுப்பிய இடத்தில் மூன்று மாதமும் விற்பனைப் பிரதிநிதிகளின் பயணப்படிப் பட்டியலைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். இரண்டு முறை துறைக்கு எழுதியும் இடம் மாற்றிக் கிடைக்கவில்லை. எந்த நிறுவனம் என்ன வேலை தரும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளாமல் மாணவர்களை அனுப்புவது, இரண்டாண்டு உழைப்பை வீணாக்கும் செயல்.

காப்புரிமை, ஒழுங்குமுறை விண்ணப்பம், உற்பத்தித் திட்டமிடல் ஆகிய துறைகளுக்குப் போக நினைக்கும் வேதியியல் மாணவர்களுக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிறுநகரக் கல்லூரியிலிருந்து வருபவர்கள், ஆங்கிலத்தில் சட்ட வாசகம் படிப்பதற்கு முதல் பருவத்திலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் வேதியியலைவிடக் கடினமாக இருந்தது. ஆராய்ச்சியே குறிக்கோள் என்பவர்கள், ஆய்வக நேரம் அதிகமுள்ள கரிம வேதியியல் முதுநிலைக்குப் போவதே நல்லது.

சேரும் முன் துறையை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கட்டடத்தையும் கருவிகளையும் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உற்பத்திச் செலவுத் தாளை நடத்துபவர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரா, வேதியியல் ஆசிரியரும் வணிக ஆசிரியரும் ஒரே மருந்தை எடுத்துக்கொண்டு நடத்துகிறார்களா என்று கேளுங்கள். அங்கே படித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் பருவ மாணவர் யாரிடமாவது அவர்களுடைய செலவுத் தாளைக் காட்டச் சொல்லி, அதில் கழிவுநீருக்கு ஒரு வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.